அரைப்பேர் ஓடை

"நாலு எல்லை சொல்லுங்கம்மா" என்றார் மனு எழுதுகிறவர்.

கூடலூர் தாலுகா ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடைத் தாழ்வாரத்தில் மேசை போட்டிருந்தார். ஆடி மாதம். சாரல் உள்ளே அடித்துக்கொண்டே இருந்ததால் டைப் மெஷினை பிளாஸ்டிக் தாளால் மூடி, கிளி ஜோசியக்காரர் கூண்டுக்குள் கை விடுவது மாதிரி அதற்குள் இரண்டு கைகளையும் விட்டுத் தட்டினார். 1987-ஆம் வருஷம். எனக்குப் பதினொரு வயது. அப்பாயிக்குக் கைநாட்டுதான். ரேகை வைக்கிற தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக என்னைப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வைத்துக் கூட்டி வந்திருந்தாள்.

"வடக்கே தோட்டத்துக் கம்பி வேலி. மேக்கால மண்ரோடு. தெக்கே மலையாளத்தாரு காப்பி போட்டிருக்காரு. கெழக்கே அரைப்பேர் ஓடை."

மெஷின் நின்றது.

"என்ன ஓடை?"

"அரைப்பேர் ஓடை."

"அப்படி ஒரு ஓடை எந்த ரெக்கார்டுலயும் இல்லையேம்மா."

"ரெக்காட்டுல இல்லாட்டி என்ன தம்பி, நேத்துக்கூட அதுலதான் துணி தொவச்சேன்."

அவர் கொஞ்ச நேரம் அப்பாயியைப் பார்த்தார். பிறகு 'கிழக்கில் ஓடை' என்று மட்டும் தட்டினார். நான் படித்துக் காட்டியபோது அப்பாயி, "பேர விட்டுப்புட்டாரு" என்றாள். பேரை விட்டதற்காக அவர் காசு எதுவும் குறைக்கவில்லை.

தோட்டத்துக்காரர்களுக்கு 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. மற்றவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எனக்கு இன்றுவரை சிரமம்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போய் நின்றால், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஆளுக்கு நேராகக் கோடு விழும். அதுதான் பேர். கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர். நேரம் கழித்துப் போனாலும் அரைப்பேர். வாக்குவாதம் பண்ணினால் பேரே இல்லை. சாயங்காலம் கூடையை இறக்கி வைத்ததும் பெண்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது, "ஒனக்குப் பேரு விழுந்துச்சா?" என்றுதான். சின்ன வயதில் எனக்கு இதில் ஒரு குழப்பம். எங்கள் அம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருக்கிறதே, அப்புறம் ஏன் தினமும் புதிதாகப் பேர் வாங்கி வருகிறாள்?

பந்தலூருக்கும் அய்யன்கொல்லிக்கும் நடுவில் எங்கள் டிவிஷன். நீலகிரி என்றதும் ஊட்டி ரயிலும் ரோஜாத் தோட்டமும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பக்கம் நீலகிரியாகவே தெரியாது. ஊட்டியிலிருந்து நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்கி, நாடுகாணி, தேவாலா தாண்டி, கேரள எல்லைக்குப் பக்கத்தில் வர வேண்டும். குளிர் அவ்வளவு இல்லை. மழைதான். வைகாசிக் கடைசியில் பிடித்தால் புரட்டாசி வரைக்கும் லயத்து, அதாவது எங்கள் வரிசை வீடுகளின், கூரைத் தகரத்தில் சத்தம் ஓயாது. படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, கம்பளியைத் தலையில் போட்டு, அதன்மேல் கூடைக் கயிறை மாட்டிக்கொண்டு பெண்கள் இறங்குவார்கள். காலில் அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலையும் சோப்பும் குழைத்துத் தடவிக்கொள்வார்கள். அப்படியும் ஏறும்.

லயத்துக்கும் பிரட்டுக்களத்துக்கும் நடுவில் அந்த ஓடை. வெயில் காலத்தில் ஒரே தாவலில் தாண்டலாம். ஆடியில் மரப்பாலத்தை அடித்துக்கொண்டு போய்விடும். சுற்றிக்கொண்டு போக முக்கால் மணி நேரம். போய்ச் சேரும்போது மேஸ்திரி செக்ரோலை மூடியிருப்பார். அன்றைக்கு அரைப்பேர். இதனால்தான் ஓடைக்கு அந்தப் பேர் வந்தது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பாதி உண்மை அது.

எங்களுக்கு, அதாவது லயத்துப் பிள்ளைகளுக்கு, அந்த ஓடை நண்டு பிடிக்கிற இடம். கல்லை மெதுவாகப் புரட்ட வேண்டும். மேல்பக்கம் புரட்டினால் தண்ணீர் கலங்கிவிடும்; கீழ்ப்பக்கமாகத் தூக்கினால் கலங்கல் நம்மைத் தாண்டிப் போய்விடும், நண்டு தெளிவாகத் தெரியும். துருப்பிடித்த தகர நிறம். ஒரு கொடுக்கு பெரிது, ஒன்று சிறிது. பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் கடிக்க வராது என்பார்கள்; வரும். பத்துப் பன்னிரண்டு சேர்ந்தால் வட்டாவில் போட்டு அப்பாயியிடம் கொடுப்போம். அம்மியில் வைத்து ஓட்டோடு நசுக்கி, சாறு வடித்து, வேலியில் காய்த்த மிளகைத் தட்டிப்போட்டு ரசம் வைப்பாள். சளிக்கு அதைவிட மருந்து கிடையாது. அந்த ரசம் தொண்டையில் இறங்கும்போது ஒரு மண் வாசனை வரும் பாருங்கள், அதை வேறு எந்தச் சாப்பாட்டிலும் நான் கண்டதில்லை.

ஓடையின் மேல்பக்கம் போகக் கூடாது என்று கட்டளை. அங்கே பாறையில் குடைந்த ஒரு பொந்து உண்டு. 'வெள்ளக்காரன் பொந்து' என்போம். உள்ளே தங்கம் இருக்கிறது, பேயும் இருக்கிறது. தங்கம் வெறும் கதை இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. 1879-இல் பிரஃ ஸ்மித் என்ற ஆஸ்திரேலியச் சுரங்க நிபுணர் இந்தப் பக்கமெல்லாம் சுற்றிப் பார்த்து அறிக்கை கொடுக்க, லண்டனில் கம்பெனி கம்பெனியாகப் பங்கு விற்றார்கள். தேவாலாவும் பந்தலூரும் கொஞ்ச காலம் பெரிய பட்டணக் களை கட்டின. சில வருஷத்தில் எல்லாம் சுருண்டுவிட்டது. பாறையில் இருந்த தங்கம் எடுக்கிற செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. பொந்துகள் மிஞ்சின.

ராத்திரியில் கதை சொல்லும்போதுதான் அப்பாயி இந்த ஊரை விட்டு வெளியே போவாள். அவள் பிறந்தது இலங்கையில் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். வாசலில் நின்றால் சிவனொளிபாதமலை தெரியுமாம். அங்கே லயத்துக்குக் கீழே பீலி. பீலி என்ற சொல்லை எங்களைத் தவிர இங்கே யாரும் அந்த அர்த்தத்தில் சொல்லிக் கேட்டதில்லை. ஓடைத் தண்ணீரை மூங்கிலிலோ தகரத்திலோ பிடித்து, ஓர் ஆள் உயரத்திலிருந்து விழச் செய்திருப்பார்கள். குளிக்க, குடிக்க, சண்டை போட எல்லாவற்றுக்கும் அதுதான் இடம். பீலிக்கரையில் விசாரிக்காமல் அந்தத் தோட்டத்தில் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை என்பாள்.

அந்த ஓடை இப்போது இல்லை. மஸ்கெலி ஓயாவை மறித்து மவுசாக்கலையில் அணை கட்டினார்கள். 1969-இல் முடிந்தது. பழைய மஸ்கெலியா டவுன் கடைத்தெரு, கோயில் எல்லாம் தண்ணிக்குள் போயின. புது ஊர் மேட்டில் எழுந்தது. அப்பாயியின் பீலிக்கரையும் போன கணக்கில்தான். "தண்ணி ஒரே நாள்ல வரலடா. நேத்து ஒரு படி, இன்னிக்கு ஒரு படின்னு ஏறி வந்துச்சு. துணி தொவைக்கிற கல்லு முங்குனப்ப எல்லாரும் நின்னு பாத்தோம். யாரும் ஒண்ணும் பேசல." அதைச் சொல்லும்போது அவள் கை தரையில் ஒவ்வொரு விரலாக மேலே நகரும்.

அதற்கு முன்பே அவர்கள் கிளம்ப வேண்டும் என்று எங்கேயோ முடிவாகியிருந்தது. 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சந்தையில் கிழங்கு கூறு கட்டுவதுபோல. எங்கள் குடும்பம் முதல் கூறில் விழுந்தது. 1973-இல் வந்தார்கள். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு வந்த ரயிலை அழுகைக் கோச்சி என்று சொல்வார்கள். ராமானுஜம் என்ற கப்பலில் ராமேஸ்வரம். மண்டபம் முகாம். அங்கே ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சோறு வாங்கித் தின்ற அவமானத்தை மட்டும் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மற்றபடி அந்தப் பயணம் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு குறைவு.

தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கத் தமிழக அரசு 1968-இல் வனத்துறை மூலம் தேயிலைத் திட்டம் தொடங்கியிருந்தது. அதுதான் பிற்பாடு டேன்டீ ஆயிற்று. தலைமை அலுவலகம் குன்னூரில். காட்டை வெட்டித் தேயிலை வைக்கத் தேயிலை தெரிந்த கைகள் வேண்டும். அந்தக் கைகள் மண்டபத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தன.

லாரியிலோ பஸ்ஸிலோ, எதில் வந்தார்கள் என்பதில் அப்பாவுக்கும் அப்பாயிக்கும் எப்போதும் தகராறு. ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றாகச் சொல்வார்கள். தாத்தா ஓரத்தில் உட்கார்ந்திருந்தாராம். எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஒரு வளைவில் கைகாட்டிப் பலகையைப் பார்த்து, "அ…ய்…யன்…கொல்லி" என்று சத்தமாகப் படித்திருக்கிறார். அப்பாயி சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள்.

காரணம் இதுதான். எங்கள் பூர்வீகம் துறையூர்ப் பக்கம். தாது வருஷப் பஞ்சத்தில் கண்டிச்சீமைக்குப் போனவர்கள் என்று வாய்வழிச் செய்தி. ஊர்ப் பெயர் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து 'பாளையம்' என்ற அளவில் நின்றுவிட்டது. ஆற்றின் பெயர் மட்டும் தேயவில்லை. "நாம அய்யாத்துக் கரை ஆளுக. அய்யாறு கொல்லிமலையில பொறக்குது." இலங்கையில் பிறந்து அங்கேயே செத்த பாட்டிகள், அய்யாற்றைக் கண்ணால் பார்க்காதவர்கள், பிள்ளைகளைத் தாலாட்டும்போதும் திட்டும்போதும் சொல்லிவந்த பெயர்கள் இரண்டு: அய்யாறு, கொல்லி. அந்த இரண்டையும் ஒரே பலகையில் ஒட்டி எழுதி நீலகிரிக் காட்டுக்குள் நட்டு வைத்திருந்தால் அவள் கும்பிடாமல் என்ன செய்வாள்?

வயநாட்டுப் பக்கத்து மலையாளத்தில் மலையிடுக்கில் நீர் வழியும் பள்ளத்தைக் கொல்லி என்பார்கள், இந்த வட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு கொல்லி, இதற்கும் நாமக்கல் கொல்லிமலைக்கும் சம்பந்தமில்லை என்று நான் காலேஜில் படிக்கும்போது அவளுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "சரி, இருக்கட்டும். நீ போய் வெறகு எடுத்துட்டு வா" என்றாள்.

ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைத் திருப்பித் தர வேண்டும் என்பது எந்தத் தோட்டத்துக்கும் பொது விதி. அப்பாயி ஓய்வு பெற்ற வருஷம், அப்பா முன்யோசனையாக முப்பது சென்ட் இடம் பிடித்தார். ஸ்டாம்ப் பேப்பரில் ஒருவர் எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்தவருக்கு அதை எழுதிக் கொடுத்தவர் யார் என்று நாங்கள் கேட்கவில்லை. நாலு மரம் காப்பி, மிளகுக் கொடி, நேந்திரம் வாழை, ஓலையும் தகரமும் போட்ட ஒரு வீடு. கிழக்கே ஓடை. அதற்குப் பட்டா கேட்கத்தான் அன்றைக்குக் கூடலூர் போனோம். அந்த மனுவுக்கு எந்த அலுவலகத்திலிருந்தும் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு எழுதிய ஏழு மனுக்களுக்கும் வரவில்லை.

'செக்ஷன் பதினேழு' என்று இங்கே பச்சைப் பிள்ளையும் சொல்லும். கூடலூர்ச் சீமை முழுக்க ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலம், அதாவது பரம்பரைச் சொத்து. கோவிலகத்திடம் குத்தகை எடுத்து வெள்ளைக்காரர்கள் காப்பி, சின்கோனா, தேயிலை என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். 1877-இல்தான் இந்தப் பக்கம் மலபாரிலிருந்து பிரிந்து நீலகிரியோடு சேர்ந்தது. 1969-இல் கூடலூர் ஜென்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டம். 1974-இல் நடைமுறைக்கு வந்தது. சுமார் 80,000 ஏக்கர். அதில் தோட்டக் குத்தகை நிலங்களை என்ன செய்வது என்று சொல்வது 17-ஆவது பிரிவு. தோட்டக்காரர்கள் வழக்குக்குப் போனார்கள். வழக்கு முடிகிறவரை அந்த நிலம் அரசுக்கும் முழுசாகச் சொந்தமில்லை, தோட்டத்துக்கும் சொந்தமில்லை. ஓரத்தில் குடிசை போட்டவனுக்குச் சொந்தமில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெளிவாக இருந்தது.

அந்தச் சட்டத்தின் கதை பெரிய கதை. 1972-இல் உச்ச நீதிமன்றம் காடுகளைப் பற்றிய பகுதி செல்லாது என்றது. 1974-இல் நாடாளுமன்றம் அதை அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைக்குள் கொண்டுபோய் வைத்தது. அதற்குள் போன சட்டத்தைக் கோர்ட்டு தொட முடியாது என்பது அப்போதைய ஏற்பாடு. அதையும் எதிர்த்து வழக்கு. 2007 ஜனவரி 11-இல் ஒன்பது நீதிபதிகள் கூடி, 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டத்தையும், அது அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை மீறுகிறதா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஐ.ஆர். கோயல்ஹோ எதிர் தமிழ்நாடு அரசு. சட்டக் கல்லூரிகளில் இதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ரேடியோவில் செய்தி கேட்டு அப்பா, "நம்ம நெலத்துக்கா ஒம்பது ஜட்ஜு?" என்று கேட்டார். நம் நிலத்துக்குத்தான் என்றேன். "அப்ப பட்டா?" என்றார்.

ஓடையின் பெயருக்கு வருகிறேன். நான் ப்ளஸ் ஒன் படிக்கும்போது அளவைக்காரர்கள் வந்தார்கள். சங்கிலி, கொடி, கிராம வரைபடம். பட்டா வரப் போகிறது என்று லயமே திரண்டு அவர்கள் பின்னால் நடந்தது. சர்வேயர் ஒரு பாறையில் வரைபடத்தை விரித்தார். அழுக்கேறிய, மடிப்பில் துணி ஒட்டிய பழைய தாள். நான் குனிந்து தேடினேன். எங்கள் வீடு இல்லை. லயம் இல்லை. ஓடை இருந்தது, நீல மைக்கோடாக. பக்கத்தில் 'நந்திக்கொல்லி' என்று எழுதியிருந்தது.

வாய்விட்டுப் படித்துவிட்டேன். அவ்வளவுதான். ஓடைக்கரையில் நந்தி இருந்திருக்கிறது, மண்ணுக்குள் புதைந்திருக்கிறது, சோழர் காலத்துச் சிவன் கோயில் கூட இருக்கலாம் என்று ஒரு வாரத்தில் சேதி பரவியது. இருவர் கடப்பாரையோடு தோண்டக்கூடச் செய்தார்கள். முனை உடைந்த ஓர் அம்மிக்குழவி கிடைத்தது. மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, இன்றைக்கு அங்கே தகரக் கூரையோடு ஒரு கோயில் இருக்கிறது. வருஷா வருஷம் பொங்கல் வைக்கிறார்கள். 'பழமை வாய்ந்த' என்று பிளெக்ஸ் பேனரில் போட்டிருக்கும்.

இதைப் பற்றி ஒரே ஒருவர் சிரித்தார். ஓடைக்கு அக்கரையில் பணியர் பழங்குடிகளின் குடிசைகள் ஏழெட்டு. அங்கே ஒரு கிழவர்; எல்லோரும் மூப்பன் என்றே கூப்பிடுவோம். பணியர் கதை எங்கள் கதையைவிடப் பழசு, எங்கள் கதையைவிட மோசம். மானந்தவாடிக்குப் பக்கத்தில் வள்ளியூர்க்காவு திருவிழாவில் கொஞ்சம் நெல்லும் துணியும் கொடுத்து ஒரு வருஷத்துக்கு ஆள் பிடிப்பார்கள். அடுத்த திருவிழாவில் அடுத்த வருஷத்துக்கு. மூப்பனின் அப்பா அப்படிப் பிடிபட்டவர். கோயிலைப் பற்றிச் சொன்னதும் மூப்பன் பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்துவிட்டு, "நந்தியல்லா, ஞண்டு. ஞண்டுக்கொல்லி" என்றார். ஓடையைக் காட்டி இரண்டு விரலைக் கொடுக்குபோலக் கிள்ளிக் காட்டினார்.

நண்டு! பத்து வருஷமாக அதற்குள் கைவிட்டு நண்டு பிடித்தவன் நான்.

எவனோ ஒரு சர்வேயர் அந்தக் காலத்தில் இவர்களிடம் கேட்டு இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருப்பான். 'ஞ' அவன் காதிலும் விழவில்லை, எழுத்திலும் உட்காரவில்லை. பிறகு வந்த தமிழ் குமாஸ்தா அதைத் திருப்பித் தமிழில் எழுதும்போது நண்டு நந்தியாகிவிட்டது. இது என் யூகம்தான். ஆனால் இந்த மாவட்டத்தின் தலைநகரே அப்படிப்பட்ட விபத்தில் பேர் பெற்றது. 1821-இல் ஒரு சென்னைப் பத்திரிகையில் வந்த கடிதத்தில் 'வோட்டோக்கிமண்ட்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தைப் பற்றி நான் படித்தது, ஊட்டி அரசு கலைக் கல்லூரியில், கலெக்டர் சல்லிவன் கட்டிய கல் பங்களா வளாகத்துக்குள் உட்கார்ந்து. தோடர்களின் ஒரு மந்து, அதாவது குடியிருப்பு, வெள்ளைக்காரன் நாக்கில் புரண்டு, நம் குமாஸ்தாக்கள் கையில் 'உதகமண்டலம்' என்று ஸம்ஸ்கிருத வேஷம் கட்டி நிற்கிறது. நண்டுக்கு நந்தி ஆகக் கொடுத்துவைக்கவில்லையா என்ன?

மூப்பன் சொன்னதை ஓடி வந்து அப்பாயியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பக்கத்தில் இருந்த சின்னப்பாட்டி, தாத்தாவின் தங்கை, அந்த இன்னொரு பாதி உண்மையைப் போட்டு உடைத்தாள். "இவ வச்ச பேருதானேடா அரைப்பேரு ஓடைங்கிறது. அது அங்கிட்டு மஸ்கெலியாவுல நம்ம லயத்துக்குக் கீழ ஓடுனது. இங்க வந்து எறங்குன அன்னிக்கே, 'அந்தா பாரு நம்ம அரைப்பேரு ஓட'ன்னு சொல்லிட்டா. பாலம் அடிச்சுட்டுப் போனதெல்லாம் அப்பறம்."

முங்கிப்போன ஓடையின் பெயரை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து இங்கே அவிழ்த்திருக்கிறாள். பாஸ்போர்ட், சாமான், கப்பல் எதிலும் அதைச் சோதனை போட்டிருக்க முடியாது. பெருமையாகத்தான் இருந்தது. கூடவே ஒரு நெருடல். எங்களுக்கு முன்னால் இங்கே தண்ணீர் குடித்தவர்களிடம் இதற்கு என்ன பேர் என்று இருபது வருஷமாக எங்கள் லயத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. வெள்ளைக்கார சர்வேயராவது தப்பாகவாவது கேட்டு எழுதியிருக்கிறான். அப்பாயியிடம் இதைச் சொன்னபோது முறத்தை நிறுத்தாமல், "ஆமா, கேக்கல" என்றாள். அடுத்த மழைக்கு நண்டு ரசம் வைத்தபோது ஒரு தூக்குப் போணியில் ஊற்றி, மூப்பனுக்குக் கொடுத்துவரச் சொன்னாள்.

அப்பாயி போன பிறகு அவள் தகரப் பெட்டியிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையை எடுத்தேன். பூர்வீக ஊர் என்ற இடத்தில் சரியாக மடிப்பு. '…பாளையம், துறையூர்.' முன்பாதியைக் கரையான் தின்றிருந்தது. ஒரு சித்திரை மாதம் கிளம்பிப் போனேன். ஆற்றைப் பிடித்துக்கொண்டு போனால் ஊர் கிடைக்கும் என்று ஒரு கிறுக்கு. கொல்லிமலை ஆகாய கங்கையாக விழுந்து புளியஞ்சோலை வழியாக இறங்குகிற அய்யாற்றில் அந்தச் சித்திரையில் மணல்தான் இருந்தது. கரையோரம் மூன்று பாளையங்களில் ஏறி இறங்கினேன். ஒரு கிராம அலுவலகத்தில் பழைய 'அ' பதிவேட்டைப் பார்க்க விட்டார்கள். புல எண், நஞ்சை, புஞ்சை, தீர்வை, கைவசக்காரர் பெயர். எங்கள் முப்பாட்டன் பெயர் அதில் எப்படி வரும்? அவரிடம் பூமி இருந்திருந்தால் ஏன் கண்டிச்சீமைக்கு நடக்கப் போகிறார்? பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, கடைசி ஊரில் ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, இங்கேர்ந்து கண்டிக்குப் போன குடும்பம்…" என்று ஆரம்பித்தேன்.

"எந்தப் பஞ்சத்துல போனவுக?" என்று கேட்டார்.

சட்டென்று பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். தாது வருஷம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு முன்னும் பின்னும் போனவர்களை அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார்.

போன ஆவணியில் டிவிஷனுக்குப் போயிருந்தேன். டேன்டீ தோட்டங்களில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க 2022-இல் அரசு உத்தரவிட்டது. கவாத்து பண்ணாமல் விட்டால் தேயிலைச் செடி மரமாகிவிடும் என்பது தோட்டத்துக்காரனுக்கே மறந்துபோகிற விஷயம். ஓடைக்கரைத் தேயிலை என் தலைக்குமேல் நின்று, வெள்ளைப் பூவாகப் பூத்து உதிர்ந்து கிடந்தது. எங்கள் ஆட்கள் பாதிப் பேர் திருப்பூர், கோவை என்று போய்விட்டார்கள். பக்கத்துத் தனியார் தோட்டத்தில் இப்போது கொழுந்து பறிப்பவர்கள் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள்.

பாலத்துக்குக் கீழே ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அப்பாயி துவைத்த அதே சாய்வுக் கல். நாலைந்து வயதுப் பையன் ஒருவன் முழங்கால் தண்ணீரில் நின்று கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தான், மேல்பக்கமாக, தண்ணீர் கலங்கியது. எனக்கு இந்தி அரைகுறை. ஓடையைக் காட்டி, இதற்கு என்ன பேர் என்று எப்படியோ கேட்டேன். அவளுக்கு நான் ஏன் கேட்கிறேன் என்று புரியவில்லை. "பேரா?" என்பதுபோலச் சிரித்தாள். பையனைப் பார்த்தாள், ஓடையைப் பார்த்தாள்.

"கேக்டா நாலா" என்றாள்.

நான் விழித்தேன். அவள் ஈரக் கையைக் கல்லின்மேல் வைத்து, ஐந்து விரலையும் மடக்கிப் பக்கவாட்டில் ஓட்டிக் காட்டினாள்.